கண்மூடும் பீரியடு

எங்கள் ஊரில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவோம், ஏனென்றால் குட்டைக்காட்டுப்பாளையத்தில் வீட்டுக்கு வீடு விசைத்தறி, தறி இல்லாத வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறி, அவை விடியலிலும் ஓடும், உச்சி வெயிலிலும் ஓடும், ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏறி ஓட்டுவார், சுவர் அதிரும், சுவரில் மாட்டிய சாமி படம் அதிரும், குண்டானில் ஊற்றி வைத்த தண்ணீர்கூட நடுங்கிக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தத்துக்குள் பெயரைச் சொல்லி என்ன பிரயோசனம். பேச வேண்டுமென்றால் எதிரே போய் நின்று உதட்டைக் காட்டுவோம். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிப்பது எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, தாய்ப்பாலோடு வந்தது. வயது ஏற ஏற எங்களில் முக்கால்வாசிப் பேருக்குக் காது பாதிதான். அதை நாங்கள் நோய் என்று சொல்வதில்லை, தலை நரைப்பதைப் போல அதுவும் ஒன்று. ஆனால் சுத்தமாகப் போய்விட்டால் மட்டும் வெளியே மூச்சு விடமாட்டோம். இழை அறுந்தாலும், ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடா தடுமாறினாலும் தறியின் சத்தம் மாறும், அந்த மாற்றம் கேட்காதவர்களை எந்த முதலாளியும் தறியில் நிறுத்தமாட்டார்.

அப்படிப்பட்ட ஊருக்குக் கடலோரத்திலிருந்து அமலோற்பவம் டீச்சர் மாற்றலாகி வந்தார். வந்த நாளிலிருந்து அவருக்குத் தலைவலி. எங்கள் தொடக்கப்பள்ளிக்கு மூன்று பக்கமும் தறிப்பட்டறைகள், மேசை மேல் வைத்த சாக்பீஸ் தானாக உருண்டு கீழே விழும். பிள்ளைகளோ பிறந்ததிலிருந்து கத்தியே பேசிப் பழகியவர்கள், தண்ணீர் குடித்துவிட்டு வரட்டுமா என்று கேட்பதைக்கூடச் சண்டைக்கு வருவது போலத்தான் கேட்பார்கள். டீச்சர் கொஞ்ச நாள் பொறுத்தார், கொஞ்ச நாள் பிரம்பைத் தட்டினார், கொஞ்ச நாள் கழிப்பறைக்குள் போய் அழுதார், பிறகு ஏதோ பயிற்சி வகுப்பில் பிள்ளைகளுக்கான தியானம் என்று சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்து, ஒரு நாள் காலை மூன்றாம் வகுப்பைப் புத்தகங்களை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, எல்லோரும் சம்மணம் போட்டு உட்காருங்கள், முதுகை நிமிர்த்துங்கள், கண்ணை மூடுங்கள் என்றார்.

ஒருத்தரும் மூடவில்லை.

“கண்ணை மூடிட்டா நீங்க பேசறது எப்படிங்க டீச்சர் தெரியும்?” என்று முன் வரிசையிலிருந்து தர்ணிகா கத்தினாள். ரெட்டைச் சடை போட்ட அந்தப் பிள்ளைக்குத்தான் வகுப்பிலேயே பெரிய தொண்டை.

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பிள்ளைகளுக்குக் கண்ணை மூடுவதென்றால் காதையும் சேர்த்து மூடுவது, அம்மாவின் பக்கத்தில் படுத்தால்கூடத் தூக்கம் வந்து அமுக்கும்வரை அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே கிடப்பவர்கள். அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே சொன்னார்.

“மூச்சை மெதுவா இழுங்க, மெதுவா விடுங்க. வெளியே சத்தம் வரும், அதோட சண்டை போடாதீங்க. வர்ற சத்தத்தை உள்ளே இழுத்துக்குங்க, உள்ளேயே வச்சுக்குங்க. நான் வந்து ஒவ்வொருத்தர் தோளையா தொடுவேன். தொட்டதும் கண்ணைத் திறக்கலாம்.”

எங்கள் பிள்ளைகள் சொல் பேச்சுக் கேட்கிறவர்கள். இழுத்துக்கொண்டார்கள். முதலில் சாக்பீஸ் உருளுவது நின்றது, பிறகு மின்விசிறியின் கடகடப்பு நின்றது, விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, பிறகு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அமைதி வெளியே வழிந்து, காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, எதிரே இருந்த பரோட்டாக் கடைவரைக்கும் போய் நின்றது. கடைக்காரர் கல்லின் மேல் கரண்டியால் கொத்திக்கொண்டிருந்தார், கொத்தினார், கொத்தினார், சத்தமே வரவில்லை, கரண்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் கொத்தினார். புளிய மரத்துக் காக்கை வாயைத் திறந்தது, வாய் மட்டும்தான் திறந்தது. டீச்சர் தோள்களைத் தொட்டு முடித்த பிறகு எல்லாம் பழையபடி ஓட ஆரம்பித்தன, பிள்ளைகள் கொட்டாவி விட்டுவிட்டுக் கணக்கு நோட்டை எடுத்தார்கள்.

ஏன் இப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கரண்டு எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் கேட்டோமா, இதைக் கேட்பதற்கு. எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும், எதுவரைக்கும் எட்டும், இவைதான் எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தன. மறுநாளே எட்டும் இடத்தைப் பரோட்டாக் கடைக்காரர் கோலமாவால் கோடு போட்டுக் காட்டினார். கோட்டுக்கு இந்தப் பக்கம் காது கிழியும், ஒரு எட்டு வைத்தால் அந்தப் பக்கம் ஒன்றுமே இருக்காது. இரவு ஷிப்டு முடித்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து பள்ளிக்கூடச் சுவரோரம் படுத்தார்கள். அவர்களில் தர்ணிகாவின் அப்பா மாரப்பனும் ஒருவன். அவன் அன்று தூங்கியதைப் பார்த்தவர்கள் செத்துவிட்டானோ என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார்கள். தலைவலிக்காரர்கள் வந்தார்கள், கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள், மாமியாரும் மருமகளும் சண்டை போடுவதற்கென்றே கோட்டுக்குள் வந்து நின்று வெறும் உதட்டால் திட்டிக்கொண்டு, பாதியிலேயே சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சினை ஆடுகள் தாமாகவே வந்து படுத்துக்கொண்டன. எங்கள் ஊரில் பத்து தலைமுறையாகச் சாமி கும்பிட்டுக் கிடைக்காதது ஒரு பீரியடில் கிடைத்தது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம், சந்தோஷத்தில் பிள்ளைகளுக்குப் பொரி உருண்டை வாங்கிக் கொடுத்தோம்.

ஊரிலேயே பெரிய தறிப்பட்டறை நாச்சிமுத்துவுடையது. கெட்ட மனிதர் இல்லை. அவர் மகளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை, சத்தத்தில் அதிர்ந்து அதிர்ந்துதான் கலைகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அது மெய்யோ பொய்யோ, அவர் பள்ளிக்கூடத்தை ஒட்டிய வீட்டை அவளுக்காகப் பிடித்துக் குடிவைத்தார், அங்கே மூன்றாவது கரு தங்கியது. பெற்றோர் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, கண்மூடும் பீரியடை இன்னும் கொஞ்சம் நீட்ட முடியுமா என்று கையெடுத்துக் கும்பிட்டபோது யாருக்கும் மறுக்க மனம் வரவில்லை. முதலில் விளையாட்டுப் பீரியடு போனது. பிறகு பாட்டு. பிறகு மூன்றாம் வகுப்போடு நாலும் ஐந்தும் சேர்ந்தன. அமைதி தெருத் தெருவாக நீண்டது, கோலமாவுக் கோடும் கூடவே போனது. பிள்ளைகள் கண்ணைத் திறந்த பிறகும் அது கலைய நேரம் எடுத்ததால் வகுப்பும் உதட்டாலேயே நடந்தது, வாய்ப்பாட்டை உதட்டால் ஒப்பித்தார்கள், டீச்சரும் அதற்குள் எங்களைப் போல உதடு படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். அவருக்குத் தலைவலி போய்விட்டது. முகத்தில் ஒரு தெளிவு வந்து, கொஞ்சம் சதையும் போட்டிருந்தார்.

நாச்சிமுத்துவுக்குப் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து, கோடு அதற்குள் எட்டியிருந்த நாச்சிமுத்துவின் சொந்த வீட்டுத் திண்ணையில், கோட்டுக்குள்ளேயே தொட்டில் கட்டினார்கள். குழந்தை அழுதால் வாய் மட்டும்தான் திறக்கும், பார்த்துக்கொண்டே இருந்தால்தான் தெரியும், எந்நேரமும் யார் பார்த்துக்கொண்டிருப்பது. ஆகவே அழாத குழந்தை என்று அதற்குப் பெயர் கிடைத்தது, அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்துப் பொறாமைப்பட்டுப் போனார்கள்.

இனி கனகமணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தர்ணிகாவின் அம்மா. நாச்சிமுத்துவின் பட்டறையில் பகல் ஷிப்டு. இரவு அதே தறிகளில் அவள் புருசன் மாரப்பன். அவள் இறங்க அவன் ஏறுவான், பட்டறை வாசலில் எதிரும் புதிருமாகக் கடக்கும்போது குழம்பு எதில் இருக்கிறது என்று உதட்டால் சொல்லிவிட்டுப் போவாள், அவர்கள் குடும்பம் நடத்தியது அந்த வாசலில்தான். கனகமணிக்குக் காது சிறுவயதிலேயே மங்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் அவளுக்குத் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கிற ஒரே ஒரு சத்தம் இருந்தது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் தர்ணிகா பட்டறை வாசலில் பையோடு வந்து நின்று, உள்ளே வர அனுமதி இல்லாததால், “அம்மோவ்” என்று ஒரு கூப்பாடு போடுவாள். அத்தனை தறிகளுக்கு நடுவே கனகமணி திரும்பிப் பார்ப்பாள். பார்த்துத் திரும்புவதல்ல, கேட்டுத் திரும்புவது. பக்கத்துத் தறிக்காரிகள், “உன்ற புள்ளைக்கு ஆண்டவன் தொண்டைய வெச்சானா, மில்லுச் சங்க வெச்சானா” என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலி கனகமணிக்கு வெல்லக்கட்டி. எங்கள் ஊரில் தோளைத் தொடாமல் கூப்பிடப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

ஒரு சாயங்காலம் அவள் கேட்டுத் திரும்பவில்லை. பக்கத்துத் தறிக்காரி தோளைத் தொட்டு வாசலைக் காட்டிய பிறகுதான் திரும்பினாள். பிள்ளை நின்றுகொண்டிருந்தது, உதடு “அம்மோவ்” என்று அசைந்தது. ஆக, மிச்சமிருந்ததும் போய்விட்டது என்று கனகமணி நினைத்தாள். தன் காதைத்தான் நினைத்தாள். வேறு எதை நினைப்பாள், இந்த ஊரில் போவது காதுதானே. வெளியே சொன்னால் தறி போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வாசலைப் பார்த்தபடியே தறி ஓட்டினாள், இழை அறுந்தது தெரியாமல் திட்டு வாங்கினாள், பிள்ளையின் உதடு அசைந்ததும் சத்தம் கேட்டுத் திரும்பியவள் போல நடித்தாள். அவள் மட்டுமா. ஊர் முழுக்க அப்பாக்களும் அம்மாக்களும் அதே நடிப்பைத்தான் நடித்துக்கொண்டிருந்தோம், பிள்ளை பேசுவது கேட்கவில்லையே, போச்சே காது என்று ஒவ்வொருவரும் உள்ளுக்குள் மறுகிக்கொண்டு, வெளியே ம் ம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தோம். மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள், தறிகள் நிற்கும். அன்றைக்காவது தெரிந்திருக்கலாம். ஆனால் அன்று ஊரே அடித்துப் போட்டது போலக் கரண்டு திரும்பி வரும்வரை தூங்கும்.

டவுன் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து வந்து ஊர் ஊராகக் கல்யாண மண்டபங்களில் காது முகாம் போட்டார்கள். நம்மூர் முகாமுக்குப் போனால் முதலாளி கண்ணில் படும் என்று, அடுத்த ஊரில் போட்டபோது கனகமணி போனாள். முக்காடு போட்டுக்கொண்டு போனாள். டாக்டரம்மா அவளை உட்கார வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்று, உதட்டைக் காட்டாமல் பேசினார்.

“உங்க பேரு என்னம்மா?”

“கனகமணிங்க.”

“காலைல என்ன சாப்பிட்டீங்க?”

“ரெண்டு இட்லிங்க.”

டாக்டரம்மா குரலை இறக்கி இறக்கி இன்னும் நாலைந்து கேள்வி கேட்டுவிட்டு முன்னால் வந்தார். “குறைவு இருக்கும்மா, இல்லேன்னு சொல்லல. ஆனா நான் இவ்வளவு மெதுவாப் பேசினதே கேட்டிருச்சே. உங்க காது நல்லாத்தான் இருக்கு.”

“என்ற புள்ள பேசறதுதானுங்க கேக்க மாட்டேங்குது.”

“வேற யார் பேசறது கேட்குது?”

கனகமணி யோசித்தாள். வரும் வழியில் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டான், பின்னால் இருந்தவள் தன் மருமகளைக் கரித்துக்கொட்டினாள், மண்டப வாசலில் யாரோ வீட்டுக் குழந்தை பலூனுக்கு அழுதது. எல்லாம் கேட்டது. அவள் எழுந்து வந்துவிட்டாள்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு மேற்கே இருக்கிற கரட்டுக்குப் போனாள். அங்கே வெறும் பாறையும் கள்ளியும்தான், தறிச் சத்தம் ஈ பறப்பது போல எட்டத்தில் கேட்கும். பிள்ளையைப் பாறை மேல் உட்காரவைத்துவிட்டு, உதடு தன்னை ஏமாற்றிவிடக் கூடாது என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“இப்பக் கூப்புடு சாமி.”

காற்று கேட்டது. ஒரு கவுதாரி கேட்டது. கனகமணி காத்துக்கொண்டே நின்றாள், பிள்ளை வந்து தோளைத் தொட்டது, கூப்பிட்டேனே என்று உதடு சொன்னது. அவள் மண்டியிட்டுத் தன் காதைப் பிள்ளையின் வாயோடு ஒட்டி வைத்தாள். அப்போது கேட்டது, நூலைவிட மெல்லிசாக, ஒரு சத்தம். “டீச்சர் சொன்னாங்கல்லம்மா, சத்தம் வந்தா உள்ள இழுத்துக்கோணும்னு. இழுத்து இழுத்து என்றதும் உள்ள போயிருச்சு. கூப்புட்டா வெளிய வரமாட்டேங்குது. வலியெல்லாம் இல்லம்மா.”

கனகமணி பாறை மேல் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுகை நன்றாகக் கேட்டது.

மறுநாள் டீச்சரையும் அதே கரட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். டீச்சர் திரும்பி நிற்க, பிள்ளை கூப்பிட, ஒன்றும் வரவில்லை. “நான் மூச்சு விடத்தானே சொல்லிக் கொடுத்தேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நல்லது நினைத்துச் செய்தவர்; அவரை ஏசி என்ன ஆகப் போகிறது. கண்மூடும் பீரியடை நிறுத்திவிடுவதாகக் கனகமணியின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார். செய்தபடி மறுநாள் வகுப்பில் பாட்டுப் பாடுங்கள் என்றார், ஓடுங்கள் என்றார், மேசையைத் தட்டுங்கள், கத்துங்கள் என்று தானே கத்திக் காட்டினார். மணி அடித்தது. பிள்ளைகள் சம்மணம் போட்டார்கள், முதுகை நிமிர்த்தினார்கள், கண்ணை மூடினார்கள். டீச்சர் ஓடி ஓடித் தோளைத் தொட்டார், தொட்ட பிள்ளை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டது, அடுத்த பிள்ளையைத் தொடுவதற்குள் முந்திய பிள்ளை மூடிக்கொண்டது, அவர் நடுவகுப்பில் உட்கார்ந்துவிட்டார்.

கனகமணி விடவில்லை. வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். எங்களுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான்: போனது நம் காது இல்லை, தறி நம் கையை விட்டுப் போகாது. இரண்டாவதாகத்தான் பிள்ளைகள் ஞாபகம் வந்தது, உடனே கலங்கிப் போய்ப் பள்ளிக்கூடத்து முன்னால் கூடினோம். கூடிய இடம் கோட்டுக்குள் இருந்ததால் அத்தனை பேரும் உதட்டால்தான் பேசினோம். நாச்சிமுத்து பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார், அது தூங்கியது.

“பேச்சு எங்கீங்க போச்சு, உதடு இருக்குதில்ல” என்றார். “இந்த ஊர்ல ஆரு சத்தம் போட்டுப் பொழைச்சாங்க? நாளைக்கு இதுங்களும் தறிக்குத்தான் வரப் போகுதுங்க. தறிக்கு வந்தா சத்தம் எதுக்குங்க? நிறுத்தோணும்னா நிறுத்திரலாம், நான் குறுக்க நிக்கல. இவளை எங்க கொண்டு போய்ப் படுக்கப் போடறதுன்னு மட்டும் சொல்லுங்க.”

சுவரோரம் மாரப்பன் தூங்கிக்கொண்டிருந்தான், அவனோடு இன்னும் பல பேர். அவர்களை எழுப்பிக் கேட்கலாம் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவு நன்றாகத் தூங்கினார்கள். பார்த்துச் செய்யலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், பண்டிகை முடியட்டும் என்று ஒவ்வொருவராகக் கலைந்தோம். கனகமணி கத்தினாள். அவள் வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, நாங்கள் அவளைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டதால் அவள் என்ன கத்தினாள் என்று எங்களுக்குத் தெரியாது.

அவள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதை நிறுத்தினாள். சத்தத்துக்குள் வைத்தால் சத்தம் ஊறும் என்று நாச்சிமுத்துவிடம் கெஞ்சி, தர்ணிகாவைப் பட்டறைக்குள் கொண்டுபோய்த் தன் தறிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள், சாயங்காலம் கரட்டுக்குக் கூட்டிப்போய்க் காதை வைத்துக் கேட்டாள். நூல் கொஞ்சம் தடித்திருந்தது போல அவளுக்குத் தோன்றியது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். ஒரு நாள் ஒரு முழ தூரத்திலிருந்து “அம்மோவ்” கேட்டது, மெய்யாகவே கேட்டது, கனகமணி கரட்டிலிருந்து ஊர்வரைக்கும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள், வளர்ந்த பிள்ளை, கால் தரையில் இடித்தது.

ஆனால் ஒரு பிள்ளை குறைந்ததில் அமைதியும் ஒரு முழம் உள்வாங்கிவிட்டது. நாச்சிமுத்து வந்து, “தொட்டில் கால் கோட்டுக்கு வெளிய வந்துருச்சு கனகமணி” என்று கண் கலங்கிச் சொன்னார், அவள் முடியாது என்றாள், அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்த் தொட்டிலை நகர்த்திக் கட்டினார். பள்ளிச் சுவரோரம் இடம் போதாமல் கோட்டின் ஓரத்துக்கு மாறியிருந்த மாரப்பனின் பாயும் வெளியே வந்துவிட்டது. உள்ளே வேறு இடம் கிடைக்கவில்லை, தூங்க வருகிறவர்கள் அவ்வளவு பேர். தூக்கம் கெட்டவன் தறியில் நின்றபடியே கண்ணயர்ந்தான், நாடா தெறித்து வந்து மணிக்கட்டை உடைத்தது. அவன் கட்டோடு தம்பி வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ள, அவன் ஷிப்டையும் கனகமணியே ஓட்டினாள். பகலும் அவள், இரவும் அவள். பிள்ளையின் தொண்டையில் ஊறிக்கொண்டிருந்த நூலை நினைத்துக்கொண்டே ஓட்டினாள்.

ஒரு நாள் காலை அவளுக்குக் காய்ச்சல் கண்டது. வீட்டுக்கு வந்து வெறும் தரையில் விழுந்தாள். இரண்டு பக்கத்துத் தறிகளும் சுவரை இடித்தன, கண்ணை மூடினால் மண்டைக்குள் நாடா ஓடியது, புரண்டாள், முனகினாள், தலையில் துணியைச் சுற்றிக்கொண்டாள். தர்ணிகா பக்கத்தில் உட்கார்ந்து முறத்தால் விசிறியது. ஈரத்துணி போட்டது. அம்மாவின் நெற்றிச் சுருக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தது. தான் இதற்கு என்ன செய்ய முடியும் என்று அந்தப் பிள்ளைக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். சம்மணம் போட்டது, முதுகை நிமிர்த்தியது, கண்ணை மூடியது.

கனகமணி தூங்கினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அப்படித் தூங்கியதில்லை. கனவு இல்லை, காய்ச்சல் இல்லை, உடம்பே இல்லை. சாயங்கால வெயில் காலில் ஏறியபோது கண் விழித்து, எவ்வளவு சுகம் என்று நினைத்தாள், நினைத்துவிட்டுத்தான் எதனால் சுகம் என்று நினைத்தாள். எழுந்து பாய்ந்து பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். தர்ணிகா கண்ணைத் திறந்து சிரித்தது. நல்லாத் தூங்குனியாம்மா என்று உதடு கேட்டது. கனகமணி அந்த உதட்டோடு காதை வைத்து அழுத்தினாள், மூச்சு சூடாகக் காதில் பட்டது, மூச்சு மட்டும்தான் பட்டது.

அவள் பிள்ளையைத் திட்டவில்லை. எப்படித் திட்டுவாள்? மறுநாள் சடை பின்னி, பையை மாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். கோடு பழைய இடத்துக்குப் போனது.

அதற்கடுத்த கரண்டு நிறுத்தும் நாளில் நாங்கள் ஒருவரும் தூங்கவில்லை. காலையில் தறிகள் நின்றதும் ஊரே வீதிக்கு வந்தது. கனகமணி கரட்டில் நின்றது போல, உதடு ஏமாற்றிவிடாமல் இருக்க, நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்றோம். கூப்பிடு கண்ணு என்றோம். கூப்பிடு தங்கம் என்றோம். தெருக் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது, எங்கேயோ ஒரு ஆடு செருமியது, நாச்சிமுத்து வீட்டுத் தொட்டில் கயிறு கிறீச்சிட்டது. எங்கள் முதுகுக்குப் பின்னால் அத்தனை பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள் என்று தெரிந்தது, திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. முதலில் யார் சொன்னது என்று தெரியவில்லை, ஒருவர் சொன்னதும் எல்லோரும் சொன்னோம், கேக்குது கண்ணு, கேக்குது தங்கம், நல்லாக் கேக்குது.

கனகமணியும் முதுகைக் காட்டித்தான் நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும், இருந்தும் நின்றாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்குவது பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கத் தன்னைத் தானே இறுகக் கட்டிக்கொண்டு நின்றவள், கடைசியில் முந்தானையை எடுத்துவிட்டு உரக்கச் சொன்னாள்.

“கேட்டுருச்சு சாமி. அம்மாவுக்கு நல்லாக் கேட்டுருச்சு.”

தர்ணிகா வந்து தோளைத் தொட்டது. கனகமணி திரும்பினாள். நான் இன்னும் கூப்பிடவே இல்லையேம்மா என்றது உதடு.

அப்போது கரண்டு வந்தது, தறிகள் ஓட ஆரம்பித்தன.